ரீமேப் செய்தால் வாரன்டி என்னவாகும்? வண்டியில் கைவைக்கும் முன் படிக்க ஒரு முழு வழிகாட்டி

கோவையில் சின்னதாக ஒரு ஒர்க்‌ஷாப் நடத்துகிறேன். ரீமேப், அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரில் உள்ள எண்களை மாற்றி எழுதிப் பவரைக் கூட்டிக் கொடுப்பது, என் தொழில் இல்லை. ஆனால் ரீமேப் செய்த வண்டிகள் என்னிடம் நிறைய வருகின்றன. கொண்டு வருபவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அண்ணா, இதனால வாரன்டி போயிருமா?"

ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் இதற்குப் பதில் சொல்ல முடியாது. எந்தப் பாகம் கெட்டது, எதனால் கெட்டது, அதை யாரால் காகிதத்தில் காட்ட முடியும் என்ற மூன்றையும் பொறுத்துத்தான் பதில். முதல் இரண்டும் உங்கள் கையில் முழுதாக இல்லை. மூன்றாவது முழுக்க உங்கள் கையில் இருக்கிறது. அதை எப்படிச் செய்வது என்பதுதான் கீழே வரும் படிகள்.

படி 1: என்ன மாறப்போகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்தான் இ.சி.யு. 1979-ல் பாஷ் நிறுவனத்தின் மோட்ரானிக், பி.எம்.டபிள்யூ. 732ஐ காரில் வந்தபோது இக்னிஷனையும் பெட்ரோல் இன்ஜெக்‌ஷனையும் ஒரே பெட்டி சேர்த்துப் பார்த்துக்கொள்வதே பெரிய விஷயம். இன்றைய டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் பாகம்) டீசலில் அந்தப் பெட்டி டர்போ அழுத்தம், ரெயில் பிரஷர் (இன்ஜெக்டருக்குப் போகும் டீசலின் அழுத்தம்), டீசல் எப்போது எவ்வளவு பாய வேண்டும், இ.ஜி.ஆர். (புகையில் கொஞ்சத்தை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் வால்வு) எவ்வளவு திறக்க வேண்டும், டி.பி.எஃப். (டீசல் புகையில் உள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டி) எப்போது சுத்தமாக வேண்டும் என்று எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. இந்த முடிவுகள் அட்டவணை அட்டவணையாக உள்ளே எழுதப்பட்டிருக்கும். அவைதான் மேப். அந்த எண்களை மாற்றி எழுதுவது ரீமேப்.

கம்பெனி இந்த எண்களைப் போடும்போது கொஞ்சம் இடம் விட்டுத்தான் போடும். மட்டமான டீசல், சித்திரை வெயில், ஏழு பேரும் மூட்டையுமாக மலை ஏற்றம், தள்ளிப்போட்ட சர்வீஸ் என்று எல்லாவற்றுக்குமான இடம் அது. ரீமேப்பில் கிடைக்கும் கூடுதல் பவர் அந்த இடத்தில் இருந்துதான் வருகிறது. டர்போ டீசலில் ஸ்டேஜ் 1 என்று சொல்லப்படும் சாதாரண ரீமேப்பில் 20 முதல் 30 சதவீதம் வரை ஏறும். டர்போ இல்லாத பெட்ரோல் வண்டியில் அதில் கால்வாசி கிடைத்தாலே அதிகம். உங்களுடையது டர்போ இல்லாத பெட்ரோல் கார் என்றால் ரீமேப் யோசனையை இந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். அவ்வளவு சின்ன லாபத்துக்கு வாரன்டியைப் பணயம் வைப்பது நியாயமே இல்லை.

இன்னொரு வழி டியூனிங் பாக்ஸ். சென்சாருக்கும் இ.சி.யு.வுக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டு, உண்மையான அழுத்தத்தைவிடக் குறைவாக இ.சி.யு.வுக்குச் சொல்லும். அதை நம்பி இ.சி.யு. அழுத்தத்தைக் கூட்டும். "கழட்டி வெச்சுட்டா தடமே இருக்காது சார்" என்று சொல்லித்தான் இதை விற்கிறார்கள். மென்பொருள் மாறாது என்பது உண்மை. ஆனால் அழுத்தம் வரம்பு மீறிய நேரத்தில் பதிவான ஃபால்ட் கோடும் (பழுதைக் குறிக்கும் எண்), அந்த நொடியில் ஓடிய ஆர்.பி.எம்., வேகம், சூடு போன்ற விவரங்களும் இ.சி.யு.வில் நின்றுவிடலாம். அப்புறம், தேய்ந்த பாகம் தேய்ந்ததுதான். அதைக் கழற்றி வைக்க முடியாது.

படி 2: வாரன்டி புத்தகத்தில் ஒரே ஒரு வாக்கியத்தைத் தேடுங்கள்

வண்டியோடு வந்த புத்தகத்தை எடுத்து, எதற்கெல்லாம் வாரன்டி கிடையாது என்று போட்டிருக்கும் பக்கத்துக்குப் போங்கள். மாடிஃபிகேஷன், ஆல்டரேஷன் என்ற சொற்கள் கட்டாயம் இருக்கும். அவற்றைச் சுற்றி எழுதியிருப்பதை நிதானமாகப் படியுங்கள். இரண்டு விதமாக எழுதியிருப்பார்கள். மாற்றத்தால் ஏற்பட்ட பழுதுக்கு வாரன்டி இல்லை என்பது ஒரு விதம். மாற்றம் செய்த வண்டிக்கே வாரன்டி இல்லை என்பது இன்னொரு விதம். முதல் விதமாக இருந்தால் பேச இடம் இருக்கிறது. இரண்டாவது விதமாக இருந்தால் ஏ.சி. கெட்டாலும் உங்களை அலைய விடுவார்கள்.

எக்ஸ்டெண்டட் வாரன்டி வாங்கியிருந்தால் அதன் நிபந்தனைகளைத் தனியாகப் படியுங்கள். பல நேரம் அதன் பின்னால் இருப்பது ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனி. கார் கம்பெனியின் வாரன்டியைவிட அதன் நிபந்தனைகள் கடுமையாக இருக்கும். கம்பெனி வாரன்டி முடிந்த பிறகு இந்தக் காகிதம்தான் உங்களுக்குக் காவல். ஆனால் இதைப் படித்துப் பார்த்தவர்களை நான் அதிகம் சந்தித்ததில்லை.

படி 3: என்ன தடம் மிச்சமிருக்கும் என்று புரிந்துகொள்ளுங்கள்

இதை ஒரு சம்பவத்தோடு சொல்கிறேன்.

என் வாடிக்கையாளர் ஒருவரிடம் ஒரு டீசல் எஸ்.யு.வி. எக்ஸ்டெண்டட் வாரன்டியில் இருந்தது. ரீமேப் செய்து எட்டு மாதம். ஒருநாள் மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூர் ஏறும்போது விசில் மாதிரி ஒரு சத்தம், பின்னால் நீலப் புகை, அப்புறம் வண்டியில் இழுவையே இல்லை. டர்போ போய்விட்டது. ரீமேப் செய்து கொடுத்த டியூனரைக் கூப்பிட்டு ராத்திரியோடு ராத்திரியாகப் பழைய ஃபைலை ஏற்றிவிட்டார். காலையில் சர்வீஸ் சென்டருக்குத் துணைக்கு வரச் சொன்னார். போனேன்.

சர்வீஸ் அட்வைசர் மரியாதையாகத்தான் கேட்டார். "சார், வண்டியில வெளிய ஏதாச்சும் வேலை பண்ணீங்களா?" இவர், "இல்லீங்க" என்றார். டெக்னீஷியன் ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து அந்த 16 பின் சாக்கெட்டில் கேபிளைச் செருகினார். லேப்டாப்பில் வரிசையாக விவரங்கள் வந்தன. அவர் விரல் ஒரு வரியில் நின்றது. வண்டியில் உள்ள காலிபரேஷன் எண் ஒன்று, அந்த வண்டிக்குக் கம்பெனி பதிவில் உள்ள எண் வேறு. டியூனர் ஏற்றியது இந்த வண்டியில் இருந்து எடுத்த ஒரிஜினல் இல்லை. அதே மாடலில் வேறொரு வண்டியின் பழைய வெர்ஷன். யாரும் குரலை உயர்த்தவில்லை. ஜாப் கார்டில் இரண்டு எண்களையும் எழுதிக் கையெழுத்துக் கேட்டார்கள். என் வாடிக்கையாளர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

டெக்னீஷியன் பார்த்தது என்னவென்றால், ஒவ்வொரு இ.சி.யு.விலும் காலிபரேஷன் ஐ.டி. என்று மென்பொருளுக்கு ஒரு பெயர் எண் உண்டு. கூடவே சி.வி.என். என்று ஒரு சரிபார்ப்பு எண்ணும் உண்டு. உள்ளே இருக்கும் தகவலை வைத்துக் கணக்குப் போட்டு வரும் எண் அது. மேப்பில் ஒரு கட்டத்தை மாற்றினாலும் இந்த எண் பொருந்தாமல் போக வேண்டும் என்பதற்காகவே வைத்தது. பெரும்பாலான பி.எஸ். 6 வண்டிகளில் அந்த 16 பின் சாக்கெட்டில் செருகும் சாதாரண ஓ.பி.டி. ஸ்கேனரிலேயே இரண்டையும் பார்க்கலாம்.

இது தவிர, எத்தனை முறை மென்பொருள் எழுதப்பட்டது என்ற எண்ணிக்கை பல இ.சி.யு.க்களில் பதிவாகும். ஒரிஜினல் ஃபைலையே திரும்ப ஏற்றினாலும் அந்த எண்ணிக்கை கூடத்தான் செய்யும். புதிய இ.சி.யு.க்கள் பலவற்றை சாக்கெட் வழியாக எழுத முடியாமல் கழற்றி மேசையில் வைத்து, சிலவற்றில் மூடியையே திறந்து வேலை செய்ய வேண்டியிருக்கிறது. திறந்த மூடியின் பசையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அமெரிக்காவில் ஃபோக்ஸ்வாகன், ஆடி சர்வீஸ் சென்டர்களில் மென்பொருள் பொருந்தாத வண்டியின் சேசிஸ் எண்ணோடு டி.டி. 1 என்ற குறிப்பு ஏறும். ஏறிவிட்டால் நீங்கள் எந்த ஊர் டீலரிடம் போனாலும் அது அங்கே தெரியும்.

அதனால் மறைத்துவிடலாம் என்ற நம்பிக்கையில் ரீமேப் செய்யாதீர்கள். "கண்டுபிடிக்கவே முடியாது" என்று ஒருவர் சொன்னால் அவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். என் வாடிக்கையாளர் அன்று பணத்தை மட்டும் இழக்கவில்லை. பொய் சொன்னார் என்று ஆகிவிட்டதால், அடுத்து அவர் சொன்ன உண்மையையும் அங்கே யாரும் நம்பத் தயாராக இல்லை.

படி 4: எந்தப் பாகத்துக்கு ஆபத்து, எதற்கு இல்லை

டர்போ, இன்ஜெக்டர், ஹை பிரஷர் பம்ப், பிஸ்டன், ஹெட் கேஸ்கெட், டி.பி.எஃப்., கிளட்ச், டூயல் மாஸ் ஃப்ளைவீல், கியர்பாக்ஸ், டிரைவ் ஷாஃப்ட். இவற்றில் எது கெட்டாலும் ரீமேப்தான் காரணம் என்று அவர்கள் சொல்லலாம், பல நேரம் அது சரியாகவும் இருக்கும். கிளட்ச் தேய்மானப் பாகம் என்பதால் ரீமேப் செய்யாத வண்டிக்கே அதில் வாரன்டி கிடைப்பது கஷ்டம்.

பலர் இன்ஜினோடு யோசனையை நிறுத்திவிடுகிறார்கள். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா கார்களில் வரும் 1.5 டி.எஸ்.ஐ. இன்ஜினைப் பாருங்கள். கம்பெனி கொடுக்கும் டார்க் (இன்ஜினின் சுழற்று விசை) 250 நியூட்டன் மீட்டர். அதோடு வரும் ஏழு கியர், உலர் கிளட்ச் டி.எஸ்.ஜி. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு வகுக்கப்பட்ட வரம்பும் அதே 250 தான். ரீமேப்புக்கு முன்பே கயிறு இழுத்துக் கட்டியபடி இருக்கிறது. இதற்கு மேல் ஏற்றும் ஒவ்வொரு நியூட்டன் மீட்டரையும் கிளட்ச் தட்டுகள்தான் தாங்க வேண்டும். ரீமேப் செய்பவரிடம் "இன்ஜின் தாங்குமா?" என்று கேட்பதோடு விடாதீர்கள். "என் கியர்பாக்ஸின் டார்க் வரம்பு எவ்வளவு, உங்கள் ஃபைல் எவ்வளவு தரும்?" என்று கேளுங்கள். எண்ணாகப் பதில் வரவில்லை என்றால் கிளம்பிவிடுங்கள்.

ஏ.சி. கம்ப்ரஸர், பவர் விண்டோ, மியூசிக் சிஸ்டம், ஏர்பேக், பெயின்ட், சென்ட்ரல் லாக் இவற்றுக்கும் ரீமேப்புக்கும் சம்பந்தம் இல்லை. மேலே சொன்ன வண்டியில் டர்போ விவகாரம் முடிந்து இரண்டு மாதம் கழித்து ஏ.சி. கம்ப்ரஸர் போனது. "இந்த வண்டிக்கு வாரன்டி பிளாக் ஆயிருச்சு சார்" என்றார்கள். இந்த முறை நாங்கள் பணிந்து வரவில்லை. கம்ப்ரஸரின் உள் சீல் கசிந்ததற்கும் டர்போ அழுத்தத்துக்கும் என்ன தொடர்பு என்று எழுத்தில் விளக்கம் கேட்டுக் கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் போட்டோம். மூன்றாவது வாரம் கம்ப்ரஸரை மாற்றிக் கொடுத்தார்கள். டர்போவுக்கு அவரே பணம் கட்டினார், அது நியாயம்தான்.

படி 5: நம் ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது

இணையத்தில் தேடினால் மேக்னசன்–மாஸ் என்ற பெயர் அடிக்கடி கண்ணில் படும். வெளிப் பாகம் போட்டதற்காக மட்டும் வாரன்டியை மறுக்க முடியாது, அந்தப் பாகத்தால்தான் பழுது வந்தது என்று கம்பெனி காட்ட வேண்டும் என்று வாதாட உதவும் 1975-ஆம் ஆண்டு சட்டம் அது. அமெரிக்கச் சட்டம். பீளமேட்டில் உள்ள சர்வீஸ் சென்டரில் அதைச் சொல்லிப் பயன் இல்லை.

நமக்குக் கிட்டத்தட்ட அதே கருத்து வேறு இடத்தில் இருக்கிறது. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தமாக 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. வெளி மெக்கானிக்கிடம் போனதற்காக ஒட்டுமொத்தமாக வாரன்டியை ரத்து செய்யக் கூடாது, வெளியில் நடந்த தவறான வேலையால் ஏற்பட்ட சேதத்துக்கு மட்டும் மறுக்கலாம் என்று அந்த உத்தரவில் சொன்னார்கள். அது மேல்முறையீட்டுக்குப் போன உத்தரவு. பேசுவதும் ரிப்பேரைப் பற்றித்தான், ரீமேப்பைப் பற்றி இல்லை. ஆனாலும் "எந்தச் சேதம், எதனால்?" என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு என்று காட்ட அது உதவும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவையும் தெரிந்துவைத்திருங்கள். ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் கம்பெனி முதலில் குறிப்பிட்டதில் இருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. இதை உறுதிப்படுத்தி உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் தீர்ப்பு சொன்னது. ரீமேப் என்ற சொல் அந்தப் பிரிவில் இல்லை. அதற்காக அனுமதி இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

டி.பி.எஃப்., இ.ஜி.ஆர். இரண்டையும் மென்பொருளில் அணைத்துத் தருகிறேன் என்பார்கள். அதைச் செய்யவே செய்யாதீர்கள். புகை விதிமீறலுக்கு 190-ஆம் பிரிவின் கீழ் 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு, ஓட்டுநர் உரிமமும் மூன்று மாதம் போகலாம். அதைவிட, அந்தக் கரியை சுவாசிக்கப்போவது நம் தெருக் குழந்தைகள்தான். இப்படி வரும் வண்டிகளை என் ஒர்க்‌ஷாப்பில் நான் தொடுவதில்லை.

இன்ஷூரன்ஸ் விஷயம் சுருக்கமானது. செய்த மாற்றத்தை எழுத்தில் தெரிவித்து, எழுத்தில் பதில் வாங்குங்கள். தெரிவிக்காமல் விட்டால் விபத்து க்ளெய்மின்போது அதையே காரணமாகக் காட்டுவார்கள்.

படி 6: முடிவு செய்துவிட்டீர்கள் என்றால், வண்டியைக் கொடுக்கும் முன்

முதலில் வண்டி ஆரோக்கியமாக இருக்கிறது என்று நிரூபித்து வைத்துக்கொள்ளுங்கள். சர்வீஸ் சென்டரிலேயே ஒரு முழு ஸ்கேன் எடுத்துத் தேதியோடு பிரின்ட் வாங்குங்கள். காலிபரேஷன் ஐ.டி., சி.வி.என். இரண்டையும் போட்டோ எடுங்கள். கம்ப்ரஷன் எவ்வளவு, இன்ஜெக்டர்கள் சரியாக இருக்கின்றனவா, டர்போ ஷாஃப்டில் ஆட்டம் இருக்கிறதா என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். ஏற்கெனவே நோஞ்சானாக இருக்கும் இன்ஜினில் ரீமேப் ஏற்றுவதும், காய்ச்சலில் கிடப்பவரை ஓட்டப் பந்தயத்துக்கு அனுப்புவதும் ஒன்றுதான்.

அடுத்தது டியூனரிடம் வாங்க வேண்டியவை. உங்கள் வண்டியில் இருந்தே, உங்கள் கண்முன் எடுத்த ஒரிஜினல் ஃபைல் ஒரு பென் டிரைவில் வேண்டும். ஏற்றிய ஃபைலின் வெர்ஷன், என்னென்ன மாற்றினார், டார்க் எவ்வளவு கூடியது என்ற விவரம் அவர் பில்லிலேயே வேண்டும். டைனோவில் (பவரை அளக்கும் மெஷின்) ஓட்டிப் பார்த்த முன்–பின் அளவுகள் வேண்டும். அவருடைய ஃபைலால் பழுது வந்தால் அவர் என்ன பொறுப்பு ஏற்பார் என்பதும் எழுத்தில் வேண்டும். "என் நம்பர் இருக்குல்ல சார், கூப்பிடுங்க" என்பதெல்லாம் உத்தரவாதம் ஆகாது.

முடிந்தால் கம்பெனியே அங்கீகரித்த வழி இருக்கிறதா என்று பாருங்கள். வோல்வோ ஒரு காலத்தில் போல்ஸ்டார் பெயரில் டீலர் வழியாகவே மென்பொருளை ஏற்றிக்கொடுத்தது, வாரன்டியும் அப்படியே நின்றது. கிடைத்த பவர் கொஞ்சம் குறைவுதான், ஆனால் கியர்பாக்ஸ்வரை கணக்குப் பார்த்துக் கொடுத்த பவர். நம் ஊர் விலையில் விற்கும் கார்களுக்கு இப்படி ஒரு வசதி வராதா என்று எனக்கு நெடுநாளாக ஏக்கம் உண்டு.

படி 7: ஒவ்வொரு சர்வீஸின்போதும்

சர்வீஸ் சென்டரில் கம்பெனி அனுப்பிய மென்பொருள் அப்டேட்டை ஏற்றினால் உங்கள் ரீமேப் அழிந்துபோகும். அதற்காக அப்டேட்டைத் தடுக்காதீர்கள், குறிப்பாக ரீகால் சம்பந்தப்பட்டதை. ஏற்றும் முன் தெரியப்படுத்தச் சொல்லுங்கள், அப்புறம் டியூனரிடம் புது வெர்ஷனுக்கு ஏற்ற ஃபைல் கேட்டுக்கொள்ளலாம். மாற்றம் செய்திருக்கிறீர்களா என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். ஆயில் மாற்றும் இடைவெளியைக் குறைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி 10,000 கிலோமீட்டர் என்றால் நான் 7,500-ல் மாற்றச் சொல்வேன். அந்த பில்களை எல்லாம் ஒரே ஃபைலில் வைத்திருங்கள்.

படி 8: க்ளெய்மை மறுத்தால்

வாய்வார்த்தையில் மறுத்தால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். எந்தப் பாகம், என்ன பழுது, எந்த மாற்றத்தால் வந்தது என்று கருதுகிறார்கள், வாரன்டியின் எந்த நிபந்தனைப்படி மறுக்கிறார்கள் என்ற நான்கும் எழுத்தில் வேண்டும். காலியாக உள்ள ஜாப் கார்டில் கையெழுத்துப் போடாதீர்கள். கழற்றிய பழைய பாகத்தைத் தூக்கிப்போட விடாதீர்கள், சாட்சியே அதுதான்.

அப்புறம் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு மின்னஞ்சல். சரிவராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் பிறகுதான் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். கட்டணம் 5 லட்சம் வரை இல்லை, 10 முதல் 20 லட்சம் வரையிலான வண்டிக்கு 400 ரூபாய். பிரச்சினை எழுந்த நாளில் இருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். பழுதின் காரணத்தைப் பரிசோதித்துத்தான் சொல்ல முடியும் என்றால் ஆணையம் பாகத்தை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். படி 6-ல் எடுத்துவைத்த ஸ்கேன் பிரின்டுக்கும் கம்ப்ரஷன் அளவுகளுக்கும் வேலை வரும் இடம் இதுதான். ரீமேப் செய்த நாளில் இன்ஜின் எப்படி இருந்தது என்பதற்கு வேறு ஆதாரம் எதுவும் உங்களிடம் இருக்காது.

பழைய கார் வாங்குபவர்களுக்கு

ரீமேப் பக்கமே போகாதவருக்கும் இதில் மாட்டிக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. வாரன்டி மிச்சம் இருக்கிறது என்று கூடுதல் விலை கொடுத்து டர்போ கார் ஒன்றை வாங்குகிறீர்கள், முந்தைய ஓனர் ரீமேப் செய்தது உங்களுக்குத் தெரியாது. அட்வான்ஸ் கொடுக்கும் முன் அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கே வண்டியைக் கொண்டுபோய் ஸ்கேன் செய்யுங்கள். காலிபரேஷன் எண் கம்பெனி பதிவோடு பொருந்துகிறதா, சேசிஸ் எண்ணில் வாரன்டி மறுப்புக் குறிப்பு ஏதும் இருக்கிறதா என்று கேட்டு, பதிலை அந்த ரிப்போர்ட்டிலேயே எழுதி வாங்குங்கள். விற்பவர் இந்தச் சோதனைக்கு மட்டும் சம்மதிக்கவில்லை என்றால் அந்த வண்டிக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.